கயிற்றுப் பாறையில் அழுத கதை

ஈரத் தோர்த்துத் துண்டு ஒன்றால் ஒரு மனிதனை இன்னொரு மனிதனோடு கட்டிவைக்கலாம் என்பதை அகத்தியர்கூடம் மலையில் பெய்த மழையில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு முனையில் என் மணிக்கட்டு, மறுமுனையில் அத்தானுடையது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஆரியசாலையில் எங்கள் மொத்த மளிகைக் கடைக்கு வந்தால் மிளகாய் நெடிக்கே கண் கலங்கும் அலுவலகக் குமாஸ்தா. மலையேறும் முகமே அல்ல. அக்காவுக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது அப்போது ஐந்தாம் மாதம். மலையுச்சி அகத்திய முனிவருக்கு எண்ணெய் அபிஷேகம் என்று நேர்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் பெண்களை மேலே விடமாட்டார்கள். அதனால் எண்ணெய்க் குப்பியை அத்தானிடம் கொடுத்தாள்; துணைக்கு என்னையும் கொடுத்தாள். இரண்டில் குப்பிதான் உபயோகப்பட்டது.

அடிவாரத்துப் போனக்காட்டில் கிளம்பும்போது, தை மாதத்தில் மழையாவது என்று சிரித்தவன் நான். மறுநாள் உச்சிக்குச் சற்றுக் கீழே, வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறுகையில் கொட்டத் தொடங்கியது. பாதியில் என் கால்கள் முன்னறிவிப்பின்றி ஹர்த்தால் அறிவித்தன. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பதாகக் கத்தினேன். இடி இடித்ததும் பதினொன்று. கால் வழுக்கியதும் நூற்றொன்று. மொத்த வியாபாரி அல்லவா, சில்லறையாகப் பயப்படத் தெரியாது.

"சாரே, தாழெ நோக்கண்டா," என்றார் வழிகாட்டி. கீழே பார்க்காதே என்றால் வேறெங்கே பார்ப்பது? பார்த்தேன். பிறகு பாறையில் பல்லிபோல ஒட்டிக்கொண்டு அழுதேன்.

பத்தடி மேலே போயிருந்த அத்தான் இறங்கி வந்தார். என்னை ஒரு பாறை இடுக்கில் உட்காரவைத்து, தோர்த்தால் தன்னோடு கட்டிக்கொண்டார்.

"நீங்க போங்க அத்தான். அக்காவோட நேர்ச்சையில்லா?" என்றேன். வாய்தான் சொன்னது, கை அவர் சட்டையை விடவில்லை.

அவர் உச்சியிருந்த திசையை ஒரு முறை பார்த்தார். பிறகு குப்பியை வழிகாட்டியிடம் நீட்டி, அக்காவின் பெயரையும் நட்சத்திரத்தையும் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தார். வழிகாட்டி போனதும் அத்தான் என் பக்கம் திரும்பினார். "நூத்தியொண்ணு ஓவரு மாப்ளே. பதினொண்ணுக்கே பிள்ளையார் சம்மதிச்சிருப்பாரு."

ஊர் திரும்பியபோது வீட்டு வாசலிலேயே அக்கா நின்றிருந்தாள். "நீங்களே ஊத்தினீங்களா?" அத்தான் அவளிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. வியர்வை துடைக்கிற சாக்கில் தோர்த்தால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"இல்ல. வழிகாட்டிட்ட கொடுத்துவிட்டேன். எனக்குக் காலு வெறச்சுப் போச்சு. மாப்ளதான் கூட இருந்து பாத்துக்கிட்டான்."

அக்கா திகைத்தாள். பிறகு, "இந்தப் பயந்தாங்கொள்ளிப் பேடித்தொண்டனுக்கா நான் கழுத்த நீட்டுனேன்!" என்று சிரிக்கத் தொடங்கினாள். மாதக்கணக்கில் சிரிக்காதவள். அந்தச் சிரிப்பை நிறுத்தி உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அது பாதி உண்மை.

அக்காவுக்கு மகள் பிறந்தாள். அதன் பின் எந்தக் கல்யாண வீட்டிலும், அத்தான் பாறையில் அழுத கதையை நான் நடித்துக் காட்டியாக வேண்டும். தத்ரூபம் என்பார்கள். இருக்காதா? எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவர் அத்தான்தான்.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் மகள் கேட்டாள்: "மாமா, அப்பா அழுத கதையச் சொல்லுங்க." சொன்னேன். பாறையில் ஒட்டிக்கொண்ட இடம் வந்ததும், முதல் முறையாக, "நான்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"இன்னைக்காவது அப்பாவ விட்டுக்கொடுக்க வேண்டாம்னு பாக்கீங்க, இல்லியா மாமா?"