பச்சைப் பக்கத்துச் சட்டை

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆலையில் ‘ஒட்டகம்’ என்று பெயர். அவ்வளவு உயரம். ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு வினையூக்கி செய்யும் ஆலை அது. வெள்ளை மாவைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, சின்னச் சின்ன வளையங்களாக வெட்டிச் சூளையில் சுடுவது வெள்ளைப் பக்கம். அந்த வளையங்களை நிக்கல் கரைந்த பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி சுடுவது பச்சைப் பக்கம். அத்தான் பச்சைப் பக்கம். “நாங்க ஊறப்போடலைன்னா அது வெறும் சாக்பீஸ்தான்” என்று பீற்றிக்கொள்வார்.

பச்சைப் பக்கத்து உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆலையே துவைத்துத் தரும். ஆனால் திரும்பி வருவது எப்போதும் யாரோ ஒரு குள்ளனின் சட்டை. மாட்டினால் அத்தானுக்குத் தொப்புள் தெரியும். ஆலையே சிரிக்கும். மனுஷர் ரோஷக்காரர். ஒருநாள் தன் சட்டையைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பையில் திணித்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அக்கா தையல்காரி, கசக்கிப் பிழிந்து, காலர் மடங்காமல் தேய்த்துக் கொடுத்தாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

அக்காவின் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. பிறகு கொப்புளம், வெடிப்பு. “சோப்பை மாத்திப் பாரு” என்றார் இவர். மாற்றினாள். கடைசியில் தோல் டாக்டரம்மா, “வீட்ல யாராவது நிக்கல்ல வேலை செய்றாங்களா?” என்று கேட்டபோது அத்தானின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் பாதி அங்கேயே செத்துப்போயிற்று.

அன்றிலிருந்து வெள்ளைப் பக்கம் கேட்டு மேலாளரிடம் நடையாய் நடந்தார். இடம் கிடைக்கும்வரை வீட்டில் முன்னறையில் தனியாகப் படுத்தார். ஒருவழியாகக் கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து, தலைமுடியெல்லாம் மாவாக வந்து நின்று, கையை நீட்டினார்.

“இப்பத் தொட்டுப் பாரு. துளி நிக்கல் கிடையாது.”

அக்கா தொட்டாள். அவள் விரலில் புது ரத்தம் இருந்தது.

“இப்ப உங்க மேல இல்லைங்க. கத்தரிக்கோல்ல இருக்கு, குண்டூசில இருக்கு, ஜிப்புல இருக்கு. டாக்டரம்மா இன்னைக்குச் சொன்னாங்க. ஒருதடவை தோலுக்கு ஆகாமப் போச்சுன்னா கடைசி வரைக்கும் ஆகாதாம். தையலை விட்டுடச் சொல்றாங்க.”

கையுறை போட்டுப் பார்த்தாள், துணி பிடிபடவில்லை. முடிக்க வேண்டிய ஒரு சட்டை பாக்கி இருந்தது. “நீ சொல்லு, நான் தைக்கிறேன்” என்று அத்தான் மிஷினில் உட்கார்ந்தார். முழங்கால் மேசையில் இடித்தது. தையல் ஓடிய கோணலைப் பார்த்து அக்காவே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

“பிரிச்சுத்தான் தைக்கணும். கத்தரிக்கோலைக் கொடுங்க.”

“வேண்டாம்மா.”

“கோணலா ஒருத்தருக்குக் கொடுக்க முடியாதுங்க. கொடுங்க.”

அவர் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பிடியில் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கொடுத்தார். சுற்றியதும் விரல் நுழையவில்லை. அக்கா கைக்குட்டையை அவிழ்த்து அவர் மடியில் வைத்துவிட்டு, பிரிக்க ஆரம்பித்தாள்.