மலையூரில் அண்ணாவின் இடம்

எங்கள் அண்ணா இல்லாத முதல் வருடம் இன்றோடு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு அவர் பிறந்த தீவின் பெயர் தெரியாமலிருக்கலாம். ஆனால் இத்தாலியிலுள்ள ஒரு மலையூரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கலியாண வீட்டில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த எவரும் அந்தக் கதையைக் கேளாமல் சாப்பிட்டு எழும்பியதில்லை.

அண்ணா யாழ்ப்பாணத் தீவொன்றில் எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அங்கே ஆக உயரமான இடம் கோயில் மணிக்கூண்டு. எங்கள் குடும்பமும் அந்தத் தீவைப் போலவே உயரம் குறைந்தது. போர்க்காலத்தில் கனடாவுக்கென்று புறப்பட்டவரை ஏஜென்சிக்காரன் இத்தாலியில் விட்டுவிட்டு மறைந்தான். ஒலிவ் காய் பறிக்க ஆள் தேடிய ஒருவர் அவரை அந்த மலைக்குக் கூட்டிப்போனார். ஊரின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காக உச்சரித்ததில்லை. ‘அண்ணாவின் மலை’ என்போம்.

கடற்கொள்ளையருக்குப் பயந்து மேலேறிய சனங்கள் கட்டிய ஊர் அது. சுற்றிவர மதில், உள்ளே போக ஒரேயொரு வாசல். ஒருகாலத்தில் ஊரை ஆண்ட பிரபுவின் கோட்டைக் கோபுரம் பூமியதிர்ச்சியில் பாதியாகி, மிச்சப் பாதி புறாக்களுக்குப் போய்விட்டது. தெருக்கள் எல்லாம் படிகள். அடிவாரத்தில் கிணற்றடிச் சிற்றாலயம், உச்சியில் பெரிய கோயில். இளசுகள் பெரும்பாலும் வெளிநாட்டில். “எங்கட ஊர் மாதிரித்தான், கொஞ்சம் சரிவு கூட” என்பார் அண்ணா.

அந்தோனியார் திருநாளில் அவருடைய சுரூபச் சிலையைத் தடிகளில் வைத்துத் தோளில் சுமந்து கிணற்றடியிலிருந்து உச்சிக்கு ஏறுவார்கள். சுரூபம் பின்னால் சாயாதிருக்க முன்தடிக்குக் கட்டையான ஆட்கள் வேண்டும். அண்ணாவைக் கண்டதும் அந்த இடத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். எங்கள் உயரத்தை ஒரு தகுதியாகக் கருதிய இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

பிறகு டொரோண்டோ வந்தார். மிசிசாகாவில் விமானச் சரக்கு ஏற்றி இறக்கி, எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மோர்னிங்சைட்டில் அவருடைய பேஸ்மென்ற்றில் தொடங்காத குடும்பம் எங்கள் சொந்தத்தில் குறைவு. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மலையை மட்டும்தான் சொல்லிக்காட்டினார். லீவு கிடைத்த ஆனி மாதங்களில் எல்லாம் அங்கே போய்த் தோள் கொடுத்துவிட்டு வருவார்.

இருதயச் சத்திரசிகிச்சை நடந்து கொஞ்சக் காலத்தில் மலையிலிருந்து போன் வந்தது. தூக்க ஆள் காணாதாம்.

“அந்தோனியாரை லொறியில ஏத்தப்போறாங்களாம்,” என்றார் அண்ணா.

“அவர் சுகமாப் போவார். நீங்கள் பேசாமல் இருங்கோ,” என்றார் அண்ணி.

“என்ர இடமெல்லோ வெறுமையாக் கிடக்கப்போகுது.”

“உங்கட இடம் இஞ்சை வெறுமையாக் கிடந்தா நான் என்ன செய்யிறது?”

அண்ணா சட்டைப்பையைத் திறந்து காட்டினார். டிக்கெற் இருந்தது.

அண்ணி என்னைப் பிடித்தார். “தம்பி, நீ கூடப் போ. அவரைத் தூக்க விடாதை. நீ தூக்கு.”

நான் வாழ்நாளில் தூக்கிய பாரமான சாமான் புத்தகப் பெட்டி. அதையும் ஒருக்கால் கீழே போட்டிருக்கிறேன். மலையில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கி ஒரு மதிலில் இருந்தேன். இருதய நோயாளி மேலே நின்று, “உதில இருந்துதான் கள்ளர் வாறதைப் பாத்தவங்கள்,” என்று விளக்கம் சொன்னார்.

தூக்குபவர்களின் தலைவர், கைத்தடியோடு நின்ற ஒரு கிழவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுத்தார். உயிரோடு இருப்பவரின் இடத்தில் இன்னொருவர் நிற்பது அங்கே வழக்கமில்லையாம்.

“உங்கட நெஞ்சு வருத்தத்தைச் சொல்லுங்கோ,” என்றேன் அண்ணாவிடம்.

“சொன்னனான்.”

“என்னவாம்?”

“வந்து நில், நாங்கள் பாக்கிறம் எண்டுறார்.”

அண்ணா நின்றார். அண்ணிக்கு என்ன சொல்வது என்ற பயத்தோடு நான் பக்கத்தில் ஏறினேன். முதல் திருப்பத்தில்தான் கண்டேன். பின்னால் நின்றவரும் அருகில் நின்றவரும் தடியைக் கையால் உயர்த்திப் பிடித்திருந்தார்கள். தடிக்கும் அண்ணாவின் தோளுக்கும் நடுவே மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. உச்சிவரைக்கும் அது மறையவில்லை.

திரும்பி வரும்போது, விமானத்தில், “உங்களுக்குப் பாரமே தெரியேல்லை, என்ன?” என்றேன்.

“அவங்கள் தூக்கிப் பிடிச்சது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?”

“தெரிஞ்சும் ஏன் பேசாமல் வந்தனீங்கள்?”

“பேசினா வெக்கத்தில விட்டிருப்பாங்கள்,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த மாரிக் குளிரில், அண்ணி தேத்தண்ணியோடு வந்து எழுப்பியபோது, அவர் எழும்பவில்லை.

கடந்த ஆனியில் மலையிலிருந்து தூக்குபவர்களின் தலைவர் வீடியோவில் கூப்பிட்டார். ஒருவர் இறந்தால் ஒரு திருநாளுக்கு அவருடைய இடத்தை வெறுமையாக விட்டு, பாரத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்களாம். ஆள் குறைவுதான். ஆனாலும் அண்ணாவின் இடத்தைச் சாட்டாகக் காட்டி லொறி பிடிக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. முன்தடியில் ஓர் ஆள் அகல வெற்றிடத்தோடு அந்தோனியார் ஏறுவதை அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். மொழிபெயர்க்க வந்திருந்த, இத்தாலியன் படித்த பெறாமகள் என் பக்கம் திரும்பினாள். “சித்தப்பா, நெக்ஸ்ற் இயர் நீங்கள் வருவீங்களோ எண்டு கேக்கிறார். ஹைற் பேர்ஃபெக்டாம்.”

போகத்தான் போகிறேன்.

இந்த ஒரு வருடமாக, சோற்றுப் பார்சலோடு வந்து அண்ணி சாப்பிடும்வரை காத்திருந்தவர்களே, சொல்லாமல் வந்து வாசல் பனியை வழித்துவிட்டுப் போனவர்களே, பூசைக்குப் போகும் வழியில் எங்கள் வீடு இருப்பதாகப் பொய் சொல்லி அண்ணியைக் காரில் ஏற்றிப்போனவர்களே, நீங்கள் தூக்கிப் பிடித்தது எங்களுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் பேசாமல் நடந்தோம். நன்றி.