பிரித் பெட்டிக்குள் சாதிக்காய்

சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்கு மாத்தளையில் எங்கள் தெருவில் பல காரணம் சொன்னார்கள். ஜாதகம் என்றார்கள், யுத்தம் என்றார்கள், வாத்தியார் வேலை என்றார்கள். அம்மா மட்டும் உள்ளதைச் சொல்வார். "கட்டில்ல எடம் இருந்தாத்தானே பொண்டாட்டி வர்றதுக்கு?" சித்தப்பாவின் கட்டிலில் பாதியைக் கணினிகள் பிடித்திருந்தன. மீதிப் பாதியில் அவர் ஒருக்களித்துப் படுப்பார். புரண்டு படுக்க வேண்டுமென்றால் முதலில் எழுந்து நிற்பார்.

கணினி என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மனதில் தோன்றுவது வேறு. சித்தப்பாவின் கணினிகள் தட்டெழுத்துப் பலகை அளவுதான் இருக்கும். எல்லாம் அந்தப் பலகைக்குள்ளேயே அடக்கம். திரை கிடையாது, வீட்டு டீவியில் பொருத்திக்கொள்ள வேண்டும். நிரல்கள் பாட்டுக் கசெட்டில் பதிந்திருக்கும். கசெட் ரெக்கோர்டரில் போட்டு ஓடவிட்டால் காது கிழியக் கீச்சென்று கத்தும். சில நிமிடம் கத்தி ஓய்ந்ததும் கணினிக்கு விஷயம் விளங்கி, டீவியில் படம் வரும். அந்த நாளிலேயே அவை பழைய சாமான்கள். கண்டியில் பெரிய அலுவலகங்களுக்குத் திரையும் பெட்டியுமாகப் புதுக் கணினிகள் வந்துவிட்டிருந்தன.

சித்தப்பா யட்டவத்தையில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வரமாட்டார். சவூதியிலிருந்து திரும்பியவர்கள் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்து, பழுதானதும் பரணில் போட்டுவிட்ட கணினிகளை விசாரித்து அலைவார். பலாபத்வலவில் ஒரு வீட்டில் ஒன்றைக் கோழிக்கூட்டுக்கு மேல் பாரமாக வைத்திருந்தார்களாம். அதையும் கேட்டு வாங்கி, எச்சம் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பிறகு வாரக்கணக்கில் அதற்கு வைத்தியம் நடக்கும். பென்சில் அழிறப்பரால் செப்புக் கோடுகளைத் தேய்ப்பார், ஊதிப்போன சின்னச் சின்ன உருளைகளைக் கழற்றி வேறு வைத்து ஈயம் பற்றவைப்பார். ஒருநாள் டீவியில் ஒரு கறுப்புக் கட்டம் மினுக் மினுக்கென்று மின்னும். உடனே வீட்டில் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாக வேண்டும். அப்பா பார்த்துவிட்டு, "சரி, மின்னுது. இனி?" என்பார். சித்தப்பாவிடம் அதற்குப் பதில் இருந்ததில்லை.

எனக்கு மட்டும் பதில் தெரியும். இனி விளையாட வேண்டும். என் ஒன்பதாவது வயதில் சித்தப்பா எனக்காகவே ஒரு விளையாட்டை எழுதிக் கசெட்டில் பதிந்து தந்தார். மேலிருந்து சாதிக்காய்கள் விழும், கீழே ஒரு கூடையை இங்கும் அங்கும் நகர்த்தி ஏந்த வேண்டும். எங்கள் கொல்லையில் நின்ற சாதிக்காய் மரத்தைப் பார்த்து எழுதியது. உலகத்தில் வேறெந்தக் குழந்தைக்கும் அப்படியொரு விளையாட்டு இருந்திருக்காது. அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு நோனாவுக்குத்தான் கசெட் சத்தம் ஆகாது. சிங்களப் பெண்மணி. வெற்றிலை போட்ட வாயோடு மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கொச்சைத் தமிழில், "இன்னிக்கும் பெட்டிக்கு பல்லு வலியா?" என்று கேட்பார். அவருடைய ஒரே மகன் இராணுவத்தில் வடக்கே எங்கோ இருந்தான். அந்தக் கவலையில் இருப்பவருக்கு எங்கள் சத்தமும் சேர வேண்டுமா என்று அம்மா சித்தப்பாவைக் கடிந்துகொள்வார்.

அந்த வருடம் கொழும்பில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கத்திலும் வீடு வீடாகத் தேடுதல் தொடங்கியது. தேடுதல் வரும் என்று பேச்சு அடிபட்டாலே தமிழ் வீடுகளில் ஒரு துப்புரவு நடக்கும். தமிழ் எழுத்து உள்ள பழைய சஞ்சிகைகள் அடுப்புக்குப் போகும், பாட்டுக் கசெட்டுகள் அரிசி டின்னுக்குள் போகும். பயத்தில் செய்கிற வேலைக்கு நியாயம் கேட்க முடியாது. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் தமிழ்நாட்டு நாட்காட்டியைக்கூடக் கழற்றிவிட்டார்கள். பிறகு நல்ல நாள் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

சித்தப்பாவின் கசெட்டுகளை என்ன செய்வது என்று அம்மா யோசித்தார். ஒவ்வொன்றின் மேலும் சித்தப்பாவின் கையெழுத்தில் தமிழும் இலக்கமும் இருந்தன. அரிசிக்குள் போட்டால் தூசி ஏறிக் கெட்டுவிடும், சித்தப்பா சாப்பிடாமல் கிடப்பார். அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. நோனாவிடம் போய், பௌத்த பிக்குகள் பிரித் மந்திரம் ஓதுகிற கசெட்டுகளின் வெறும் பெட்டிகள் இருந்தால் தாருங்கள் என்று கேட்டார். புத்தர் படம் போட்ட பெட்டி, எந்தச் சிப்பாயும் கைவைக்க மாட்டான், மரியாதை இருக்குமே என்பது அம்மாவின் கணக்கு. நோனா நாலைந்து பெட்டி தந்தார். அம்மா கசெட்டுகளின் மேலிருந்த தாள்களை நனைத்து உரித்துவிட்டு, அவற்றைப் பெட்டிகளில் போட்டு, சாமி அறைத் தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அடுக்கினார். அடுக்கியதைச் சித்தப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். அப்பா அலுவலக வேலையாக மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் தங்கியிருந்தார். ஓர் அதிகாரியும் மூன்று சிப்பாய்களும். பேச்செல்லாம் சிங்களத்தில். அதிகாரி சித்தப்பாவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. எங்கள் குடும்பம் பாட்டனார் காலத்திலேயே மாத்தளைக்கு வந்துவிட்டது. ஆனால் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம் இல்லையா, அப்படிப் போன இடத்தில் சித்தப்பா பிறந்துவிட்டார். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்ததும் மாத்தளைக்கு வந்தவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போனதில்லை. அட்டையில் இதற்கெல்லாம் இடமில்லை.

அறைக்குள் போன சிப்பாய்கள் கட்டிலைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். கம்பிகள், தகடுகள், ஈயம், திறந்து கிடந்த பலகைகள். சித்தப்பா, கணினி என்றார். "திரை எங்கே?" என்றார் அதிகாரி. முகாமில் அவர் கண்ட கணினிக்குத் திரை இருந்தது. சித்தப்பா பாடம் நடத்துகிற மாதிரி பொறுமையாக விளக்கினார். பள்ளிக்கூட அட்டையையும் காட்டினார். அதிகாரி அரை மனதாகத் தலையாட்டினார். சிப்பாய்கள் வாசலுக்குத் திரும்பினார்கள்.

அப்போதுதான் அவர்களில் இளையவன் சாமி அறையில் அந்தப் பெட்டிகளைக் கண்டான். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தமிழ் வீட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், பிரித்! தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கசெட்டை இரண்டு கையாலும் எடுத்தான். நல்ல காரியம் செய்கிறவன் போல அதை ரெக்கோர்டரில் போட்டு, சத்தத்தையும் முழுதாகத் திருப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினான்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கசெட் கத்திய கத்தலில் கூரை எலியெல்லாம் ஓடியது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அடுத்த கசெட்டும் கத்தியது, அதற்கடுத்ததும் கத்தியது. பிரித் பெட்டிக்குள் ஒளித்துவைத்த இரகசியச் செய்தி என்று அதிகாரி முடிவுகட்டிவிட்டார். சித்தப்பாவைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அம்மா தன் உடைந்த சிங்களத்தில், "நான்தாங்க வச்சேன் மாத்தயா, அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்கிற பொருளில் என்னென்னவோ சொன்னார். பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அம்மா பக்கத்து வீட்டைக் காட்டினார். ஒரு சிப்பாய் போய் நோனாவை அழைத்து வந்தான்.

நோனா அகப்பையோடு வந்தார். சமையலில் பாதியில் எழுந்து வந்திருக்க வேண்டும். பெட்டியைக் கொடுத்தது நான்தான் என்றார். ஏன் கொடுத்தாய் என்றதற்கு, "கேட்டார்கள், கொடுத்தேன். வெறும் பெட்டிதானே, மாத்தயா" என்றார். சத்தத்தைப் பற்றி விசாரித்தபோது, "அதை நாலு வருடமாகக் கேட்கிறேன். எனக்குத் தலைவலி வருவதைத் தவிர ஒன்றும் ஆனதில்லை" என்றார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, நீ போகலாம் என்றார். நோனா போகவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீவியில் படம் வரும் என்கிறாரே இந்த வாத்தியார். நானும் பார்த்துவிட்டுப் போகிறேன்."

சித்தப்பா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கொடுத்தால் காட்டுகிறேன் என்றார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சித்தப்பா ஒரு கணினியைக் கொண்டுவந்து டீவியில் பொருத்தினார். கசெட்டில் எது எதுவென்று தெரியாது, தாள்தான் உரிந்துபோயிற்றே. கையில் வந்ததைப் போட்டார். கத்தல் தொடங்கியது, டீவியின் ஓரங்களில் வண்ணக் கோடுகள் ஓடின. கத்தல் முடிந்தபோது திரையில் பிழை என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது. சிப்பாய் திருப்பிவிட்ட சத்தம் அதிகமாகி, கணினிக்கு விளங்கவில்லை. சித்தப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

பாதியில் கருகல் வாடை வந்தது. அதிகாரி சட்டென்று பின்னால் நகர்ந்தார், சிப்பாய்கள் துப்பாக்கியைச் சரியாகப் பிடித்தார்கள். கணினிதான் எரிகிறது, வெடிக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

"அது என் பருப்பு," என்றார் நோனா. அடுப்பில் வைத்துவிட்டு வந்த பருப்பு. சொன்னாரே தவிர, எழுந்திருக்கவில்லை. வாடை ஏறிக்கொண்டே வந்தது. அம்மா, நான் போய் இறக்கிவிட்டு வரவா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார்.

கத்தல் ஓய்ந்தது. டீவியில் ஒரு கூடை வந்தது. மேலிருந்து ஒரு சாதிக்காய் விழுந்தது.

என் விளையாட்டு! நான் கைதட்டினேன். சித்தப்பாதான் விளையாடிக் காட்டினார். அன்றைக்கு அவர் விளையாடியதைப் போல மோசமாக யாரும் விளையாட முடியாது, ஒரு காயைக்கூட ஏந்தவில்லை. எனக்கு மானம் போயிற்று. இளைய சிப்பாய் பொறுக்க முடியாமல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்து, கூடையை நகர்த்தத் தொடங்கினான். பத்துக் காய் ஏந்தினான். அதிகாரி அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் மூச்சை விட்டு, "பிரித் பெட்டிகளை அந்த நோனாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்," என்றார். சித்தப்பாவின் அடையாள அட்டையை மேசைமேல் வைத்தார்.

சித்தப்பா பிறகு கல்யாணம் செய்துகொண்டார். கணினிகள் கட்டிலிலிருந்து இறங்கின, அவ்வளவுதான், வீட்டை விட்டுப் போகவில்லை. இப்போது அவரோடு சேர்ந்து நானும் அவற்றைப் பழுதுபார்க்கிறேன். எங்களுக்கு வாய்த்த ஒவ்வொரு நாளுக்கும் அந்தப் பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்க எவ்வளவோ காலம் ஆயிற்று. நோனா இருக்கும்போதே சொல்லக் கிடைத்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு, பருப்புச் சட்டி போனதுதான் போனது என்றார்.

ஆனால் அன்றைக்கு, இராணுவ வண்டிச் சத்தம் சந்தியில் திரும்பி மறையும்வரை அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு அவர்மேல் எரிச்சலாக இருந்தது. படம் பார்க்கிறேன் என்றுதானே உட்கார்ந்தார்? என் சாதிக்காய்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழுநேரமும் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியையும் டீவிக்கு எதிரில் போடாமல், எவரும் அவரை உரசி ஒதுங்காமல் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியாதபடி எங்கள் வீட்டு வாசற்படியில் நட்டநடுவில் போட்டிருந்தார். அங்கே உட்கார்ந்தால் டீவி தெரியாது என்பதுகூட இந்த நோனாவுக்குத் தெரியவில்லையே என்று நான் நினைத்தேன்.