காக்கா சொல்லாமல் வைக்காத கையெழுத்து

சீனிக்காக்கா, நீங்க மௌத்தான செய்தி உங்கட போனிலயே வந்தது. நான் தறியில இருந்தன். திரையில உங்கட பேரைப் பார்த்ததும், "ஓம் காக்கா, பஸ் எங்க வருது?" எண்டுதான் கேட்டன். "தங்கச்சி, இந்தப் போன்காரர் உங்களுக்கு என்ன முறை?" எண்டு ஆரோ ஒருவர் கேட்டார். பஸ்ஸிலயே உங்கட உயிர் போயிட்டுதாம். மடியில இருந்த பையை இறுக்கிப் பிடிச்சபடி சீற்றில சாய்ஞ்சு கிடந்தீங்களாம்.

காக்காவை அறியாதவங்களும் இதை வாசிப்பாங்க. காக்கா எண்டா எங்கட பக்கம் அண்ணன். எனக்குப் படிப்புக் குறைவு. தெரிஞ்ச மாதிரிச் சொல்றன். சின்ன வயசில சீனிப் போத்தலைத் தேடித் திரிஞ்சதால உம்மா வெச்ச பேர்தான் சீனி. ஊருக்கு அவர் பெரிய மனுசர். எங்களுக்குக் கடைசி வரைக்கும் சீனிக்காக்காதான்.

மருதமுனையில எங்கட வீடு கடலுக்குக் கிட்ட. சுனாமியெண்டு கடல் வந்த அன்று வாப்பாவும் உம்மாவும் போனாங்க. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, எல்லாம் போச்சு. நாங்க ஆரெண்டு காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லாமக் காக்கா அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்தார். அந்தப் பயம் அவரை விட்டுப் போகல்ல. அதுக்குப் பிறகு எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் முதல் வேலையா லெமினேட் பண்ணிப் போடுவார்.

பிறகு எங்கட தெருப் பொம்பிளைகள் நெய்யிற, இடுப்பில கட்டுற சாரனைக் கப்பலில மாலைதீவுக்கு அனுப்பத் தொடங்கினம். தொழில் பதிஞ்சது என்ட பேரில. கொழும்புக்குப் போய் ஏத்திறது காக்கா. ஏத்தினதும் கப்பல்காரர் 'பில் ஒஃப் லேடிங்' எண்டு ஒரு பத்திரம் தருவாங்க. நாங்க கப்பல் சீட்டு எண்டு சொல்லுவம். அசல் சீட்டைக் கொண்டுபோய்க் குடுக்கிறவருக்குத்தான் அங்க சாமான் கிடைக்கும். அதை அனுப்ப முதல் நான் அதுட முதுகில கையெழுத்து வைக்கணும்.

முதல் சீட்டைக் காக்கா கொழும்பிலயே லெமினேட் பண்ணி, பிறந்த பிள்ளையைத் தாற மாதிரி என்ட கையில தந்தார்.

"இனிக் கடல் வந்தாலும் இதுக்கு ஒண்டும் ஆகாது, புள்ள."

நான் திருப்பி வெச்சுப் பேனையால கீறினன். வழுக்குது.

"காக்கா, இதில எப்பிடி எழுதுற?"

அவர்ர முகம் வெளுத்துப் போச்சு. பக்கத்துத் தறியில இருந்த சுலைஹாவுக்குச் சிரிப்பு அடக்க ஏலல்ல. "மௌத்தானவங்களுக்குச் சுத்துற மாதிரிக் கப்பல் சீட்டுக்கும் கபன் போட்டிட்டீங்களா காக்கா?" எண்டா.

"வாயைக் கழுவுடி!" எண்டவர், பிறகு தானும் சிரிச்சிட்டார். ஆனா புதுச் சீட்டு எடுக்கக் கடிதம், சத்தியக் கடதாசி, பிணை எண்டு அலைஞ்சு மெலிஞ்சு போனார்.

அதோட லெமினேட் பண்றதை விட்டார். பயத்தை விடல்ல. அக்கரைப்பற்றில ஒரு வியாபாரி, வாங்கிறவன்ட இனிப்புக் கதையை நம்பிக் கையெழுத்து வெச்சுச் சீட்டை அனுப்பிப் போட்டு, சாமானையும் ஆளையும் தேடித் திரியிறாராம். அதைக் கேட்டுக்கொண்டு வந்த அன்று காக்கா சோத்துக் கோப்பையைத் தள்ளி வெச்சிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"முதுகில கையெழுத்து வெச்சு அனுப்பினா அது பிறகு நம்மட சாமான் இல்ல, புள்ள. காசு வந்திட்டுதா எண்டு நான் பார்த்துச் சொல்லுவன். நான் சொல்லாம வைக்காத."

"நீங்க கொழும்பில நிண்டா?"

"போனில சொல்லுவன்."

"போன் வேலை செய்யாட்டி?"

"வந்து சொல்லுவன்! வைக்காத எண்டா வைக்காத."

ஒவ்வொரு தடவையும் பேனையில ஓதி ஊதித் தருவார். "இப்ப வை, புள்ள" எண்ட சொல் காதில விழாம நான் ஒரு நாளும் கையெழுத்து வெச்சதில்ல.

பெருநாளுக்கு நெய்ஞ்ச சாரன்களை ஏத்திப் போட்டுத்தான் இந்த முறை வந்துகொண்டிருந்தார். அவர்ர உடம்போட அந்தப் பையும் வீட்டுக்கு வந்தது. சொப்பிங் பேக்குக்குள்ள சொப்பிங் பேக், அதுக்குள்ள சீட்டு. சீட்டில ஒரு மடிப்பில்ல. உள்ளறையில கபன் துணியை விரிச்ச நேரம் சுலைஹா என்ட முகத்தைப் பார்த்தா, பார்க்க ஏலாம முந்தானையால வாயைப் பொத்திக்கொண்டா. காக்காவைக் கிடத்தின சந்தூக்கைத் தூக்கினாங்க. பள்ளிவாசல் பக்கம் திரும்பிற வரைக்கும் பையோட வாசல்ல நிண்டன்.

இப்ப மாலைதீவில இருந்து, புதுசா வாங்கிற ஆள் போனில விடாமக் கதைக்கிறார். "உங்கட காக்காவோட எல்லாம் பேசி முடிச்சாச்சு. சீட்டு முதல், காசு பிறகு. அவர் சம்மதிச்சார். கப்பலும் வந்திட்டுது, கையெழுத்து வெச்சு அனுப்புங்க."

நீங்க அப்பிடிச் சம்மதிக்கிற ஆளில்ல, காக்கா. ஆனா போகக்குள்ள, "இந்த ஆள் நல்ல மனுசன் போல" எண்டும் சொன்னீங்க. உங்கட பொஞ்சாதி, மதினி, வெளிய வராம உங்களுக்காக இத்தாவில இருக்கா, அவக்கும் நீங்க ஒண்டும் சொல்லல்லயாம். அனுப்பினா, இத்தனை பொம்பிளைகள்ட உழைப்பும் அக்கரைப்பற்றுக்காரர்ர சாமான் போன வழியில போயிடுமோ எண்டு பயம். அனுப்பாட்டிச் சாமான் துறைமுகத்தில கிடந்து வாடகை ஏறும், பெருநாளும் போயிடும். பொம்பிளைகள் காலையில வந்து தறியில குந்துறாங்க. என்ட கையை மட்டும் பார்க்கிறாங்க.

அல்லாஹ் நீங்க அடங்கியிருக்கிற கப்றை வெளிச்சமாக்கட்டும், காக்கா. அங்க உங்களுக்கு ஒரு பயமும் இல்லாம இருக்கட்டும். உங்கட பயமெல்லாம் இஞ்ச என்ட மடியில இருக்கு. சீட்டைக் குப்புறப் போட்டு வெச்சிருக்கன். நீங்க ஓதி ஊதின பேனை கையில இருக்கு. போன் அடிக்குது. உங்கட பேர் விழுமோ எண்டு இன்னும் பார்க்கிறன்.

வைக்கட்டா, காக்கா?