ஹமீது எடுக்கச் சொன்ன ஒரு வரி

ஹமீது போய்விட்டான். காலையில், பழவேற்காட்டில், வீட்டிலேயே... நெஞ்சுவலி.

கும்மிடிப்பூண்டி ஸ்டீல் பிளான்ட்டில் என்னோடு கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன். செய்தி சொன்னவர் செல்வம், அங்கே இரும்பு உருக்கும் ஃபர்னஸின் ஆபரேட்டர். போனை வைத்த கையோடு இதை எழுதுகிறேன். சாவு மட்டும் காரணம் இல்லை.

2007. ஃபர்னஸ் ரீடிங் ஃபைல்கள் அடிக்கடி வேறு யூசர் பெயரில் வந்து விழும், ரிப்போர்ட் திறக்காது. ஒவ்வொரு தடவையும் போய்ச் சரிசெய்ய எனக்குச் சோம்பல்.

அரைமணிக்கு ஒருமுறை சர்வரைத் தானாகச் சரிபார்க்கும் டூல் ஒன்று இருந்தது. அதில் ஒரு வரி சேர்த்தேன்... ஃபோல்டருக்குள் இருக்கிற அத்தனை ஃபைலுக்கும் ஓனரை மாற்று என்று.

"வாணாம்பா. ஒவ்வொரு ஃபைலா தொட்டுப் பாத்துக்கினு இருக்கும். லட்சக்கணக்குல கீது. மேல் ஃபோல்டர் மட்டும் போதும், அந்த வரிய எடுத்துடு" என்றான் ஹமீது.

"மெஷின்தானே, பாத்துட்டுப் போவட்டும்" என்றேன். பெரிய அறிவாளி நான்.

ஒருநாள் காலை ஷிஃப்ட். டிஸ்க் விடாமல் கரகரவென்றது. என் வரி ஒரு சுற்று முடிப்பதற்குள் அடுத்த சுற்று தொடங்கியிருந்தது. அந்த நெரிசலில் புது ரீடிங் எதுவும் ஏறவில்லை; ஃபர்னஸ் ஸ்கிரீனில் அதே பழைய டெம்பரேச்சர், இருபது நிமிஷமாக அசையவில்லை. அதை நம்பி ஆட்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஹமீது சர்வரைத் தொடவே இல்லை. ஃபர்னஸுக்கு ஓடினான். "ஸ்கிரீன நம்பாதீங்கபா! தள்ளி நில்லுங்க!"

எல்லோரும் தப்பித்தார்கள். பொங்கி வழிந்த இரும்புக் குழம்பு அவன் இடது கையில் மட்டும் பட்டது.

என்கொயரியில் "நான்தான் போட்டேன்" என்றான். வெளியே வந்து என்னிடம், "உனுக்கு இன்னும் வேல கன்ஃபார்ம் ஆவல. கம்முனு இரு."

இருந்தேன். அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அதன் பிறகாவது அந்த வரியை எடுத்தேனா? இல்லை. தினம் ஒருமுறை, மதியம் ஒரு மணிக்கு ஓடட்டும் என்று மாற்றினேன். சாப்பாட்டு நேரம்தானே... பிறகு வேறு வேலைக்கு வந்துவிட்டேன்.

இன்று செல்வம் பேச்சுவாக்கில் சொன்னார். "அந்த ஸ்கிரீன் மத்தியானத்துல இன்னும் நின்னுடுது சார். முன்னல்லாம் அஞ்சு நிமிசம். இப்போ அரை அவர் ஆவுது. பழகிப்போச்சு."

அது என் வரிதான் என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது. செல்வத்துக்குத் திருப்பித் திருப்பி போன் அடிக்கிறேன்... அவர் எடுக்கவில்லை. மணி பன்னிரண்டே முக்கால்.

பிளான்ட்டில் இருக்கிற யாராவது இதைப் பார்த்தால்... ஸ்கிரீனை நம்பாதீர்கள். தள்ளி நில்லுங்கள்.

போய் வாடா ஹமீது. அந்த வரியைப் போட்டவன் நான்.