விரலில் நின்ற பொடி

லாலாகுடா ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் லலிதாம்பாள் மாமி பிரிட்ஜ் ஆடிய பதினோரு வருஷமும் அங்கே அம்பயராக இருந்தவன் நான். பிழைப்புக்கு ஒர்க்ஷாப் டிராயிங் ஆபீஸ்; சனிக்கிழமை அரை நாள் சங்கு ஊதியதும் அம்பயர். ஆகவே அந்த அம்மாளைப் பற்றி எவனாவது வாய்க்கு வந்ததைப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மாமிக்கு நல்ல சீட்டு விழும், வேறென்ன?" என்பான் ஒருத்தன். நாங்கள் ஆடியது டூப்ளிகேட் ஆட்டம் என்பதைக்கூட அறியாத மண்டு.

டூப்ளிகேட்டில் சீட்டை ஒரே தடவைதான் கலைப்போம். நாலு பேருக்கும் பதின்மூன்று பதின்மூன்றாகப் பிரித்து, நாலு பொந்து வைத்த ஒரு தேக்குப் பலகையில் செருகிவிடுவோம். பலகைகளைச் செய்து கொடுத்தது, வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பாட்டர்ன் ஷாப் ஆரோக்கியசாமி. ஒரு மேஜையில் ஆடி முடித்ததும் அவரவர் கை அதே பொந்துக்குத் திரும்பும், பலகை அடுத்த மேஜைக்குப் போகும். உங்களுக்கு வந்த அதே பதின்மூன்று சீட்டு அங்கே இன்னொருவருக்கு வரும். அதை வைத்துக்கொண்டு யார் நன்றாக ஆடினார் என்பதுதான் போட்டி. தலையெழுத்தின்மேல் பழி போட வழியில்லாத சீட்டாட்டம். 1936-இல் ஆரம்பித்தபோது முதல் ஒரு மாதம், பாதிப் பேர் பழக்க தோஷத்தில், ஆளுக்கு ஒன்றாக நாலு சீட்டு விழுந்த ஒவ்வொரு பிடியையும் வாரி நடுவில் குவித்து, யார் சீட்டு எது என்று தெரியாமல் என் உயிரை வாங்கினார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை சாடை. நம் ஜனங்கள் வீட்டில் முந்நூற்று நாலு ஆடி வளர்ந்தவர்கள். அந்த ஆட்டத்தில் காதைச் சொறிந்தால் ஜாக்கி இருக்கிறது, பெருமூச்சு விட்டால் கை காலி. கூட்டாளிக்குச் சாடை காட்டத் தெரியாதவன் ஆட்டக்காரனே இல்லை. பிரிட்ஜில் அது பெரிய குற்றம். முதலில் ஏலம் நடக்கும். எந்தச் சீட்டைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று நாலு பேரும் முறைவைத்துக் கேட்பார்கள். அந்த ஏலத்தில் பேச அனுமதித்த சொற்கள் எண்ணி முப்பத்தெட்டு. அதைத் தாண்டிக் கூட்டாளிக்குக் கண்ணாலும் சொல்லக்கூடாது, கனைப்பாலும் சொல்லக்கூடாது.

லலிதாம்பாள் மாயவரத்துப் பக்கம். பதினைந்து வயதில் ஸ்டோர்ஸ் கிளார்க் சீதாராமனைக் கல்யாணம் செய்துகொண்டு 1921-இல் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். சீதாராமன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ் நடக்கும். ஒரு நாள் நாலாவது ஆள் ஜுரத்தில் படுத்துவிட்டான். காப்பி கொண்டுவந்த மாமி, "நான் உட்காரட்டுமா?" என்று கேட்டாள். வருஷக்கணக்காகக் கதவோரம் நின்று பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு மாமி இருந்த பக்கமே ஜெயித்தது என்று கேள்வி.

இன்ஸ்டிட்யூட்டுக்கு மடிசாரோடு வந்தாள். கூஜாவில் தன் காப்பி, தன் டம்ளர். துரைமாரும் துரைசாணிகளும் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பயந்தார்கள். முதல் சனிக்கிழமையே நான் அவளைக் கண்டிக்க வேண்டியிருந்தது. ஏலத்தில் 'பாஸ்' என்று சொல்ல வேண்டிய இடத்தில், கை மோசமாக இருந்தால் "நக்கோ" என்றாள். காய்கறி வண்டிக்காரனிடம் உருதுவில் 'வேண்டாம்' சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

"மாமி, நல்ல கையோ கெட்ட கையோ, பாஸ் ஒரே மாதிரிதான் வரணும். ஒரு தடவை பாஸ், ஒரு தடவை நக்கோன்னா அது சாடை" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது. "தெரியாமப் போச்சு. இனிமே வராது" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன பாஸ் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும்.

இன்னும் ஏறலாமா, இங்கேயே நிறுத்தலாமா என்று இரண்டுங்கெட்டானாக நிற்கும் கைகளில்தான் மாமியின் பெயர் ஓங்கியது. எல்லா மேஜையும் பத்துப் பிடியோடு நிறுத்திய பலகையில் மாமி பன்னிரண்டு கேட்பாள். சீதாராமன் ஆடி எடுத்துவிடுவார். எல்லாரும் ஏறிக் கவிழ்ந்த பலகையில் சத்தமில்லாமல் பாஸ் சொல்லியிருப்பாள். '39-இலும் '40-இலும் வருஷக் கோப்பை அவர்களுக்கே. ஹாலில் மாட்டிய பலகையில் தங்க எழுத்தில் இரண்டு பெயரும் ஏறின. சீதாராமனுக்கு வேலையில் பதினெட்டு வருஷமாக ஒரு படிகூட உயர்வு இல்லை. அந்த எழுத்தைப் பார்க்கவே ஒரு சுற்றுச் சுற்றி அந்தப் பக்கமாக வீட்டுக்குப் போவார். "என் ஆத்துக்காரிக்கு ஏழாம் அறிவு இருக்கு, ஓய்!" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

1941 போட்டியின் கடைசிப் பலகை. மூன்றாம் வருஷமும் கோப்பை வருமா என்பது அந்த ஒரு பலகையில் நின்றது. கணக்கு என் கையில் இருந்ததால் எனக்கு மட்டும் தெரியும், மாமியும் ஊகித்திருப்பாள். நான் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். சீதாராமன் ஸ்பேடில் ஏலத்தை ஆரம்பித்தார். மாமியிடம் ஸ்பேடு ராஜாவோடு நாலு, ஆட்டின் ஆஸ், டைமன் ராஜா, மற்றது குப்பை. மூன்று ஸ்பேடு என்று உயர்த்தினாள். சீதாராமன் வெள்ளி டப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை பொடி எடுத்தார், "நாலு ஸ்பேடு" என்றார். சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் பிடிக்கணக்கு; நாலு என்றால் பத்துப் பிடி. அதோடு நிறுத்துவதா, அஞ்சு என்று சொல்லி, அவரும் சம்மதித்தால் பன்னிரண்டுக்கு ஏறுவதா என்பது இப்போது மாமியின் கையில்.

மாமி நிமிர்ந்தாள். வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. சீட்டைக் கவிழ்த்து வைத்தாள், திரும்ப எடுத்து எண்ணினாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். "பாஸ்" என்றாள்.

சீதாராமன் ஆட, மாமி விதிப்படி தன் சீட்டுகளை மேஜையில் பரப்பிவிட்டுக் கை கட்டி உட்கார்ந்திருந்தாள். பத்துப் பிடி வந்தது, பதினொன்று வந்தது, பன்னிரண்டாவதும் வந்தது. ஒவ்வொரு பிடிக்கும் மனுஷர் முகம் இருண்டுகொண்டே போயிற்று. வேறொரு மேஜையில் அதே சீட்டில் ஆரோக்கியசாமியும் அவர் ஜோடி ஜம்புநாதனும் பன்னிரண்டு கேட்டு எடுத்திருந்தார்கள். ஒரே ஒரு புள்ளியில் கோப்பை அவர்களுக்குப் போனது.

"ரெண்டு நிமிஷம் யோசிச்சுட்டுப் பாஸா? உன் ஏழாம் அறிவை எங்கே தொலைச்சே?" என்று இன்ஸ்டிட்யூட் வாசலிலேயே கத்தினார் சீதாராமன். எட்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். என் மனைவி கமலம் கொடுத்த மோரைத் தொடாமல், "பத்மநாபன், எல்லாப் பலகையையும் நோட்டிலே எழுதி வச்சிருக்கேளோல்லியோ? இந்த மூணு வருஷத்திலே நான் ஏறறதா நிறுத்தறதான்னு யோசிச்ச கையா ஒரு பதினாறு எடுங்கோ. என் சீட்டும், அதுவரைக்கும் நடந்த ஏலமும் மட்டும் போறும். நான் என்ன பண்ணினேன்னு சொல்லாதேங்கோ" என்றாள்.

பழைய டிரேசிங் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நாலு காகிதத்தை, "இது ஞாபகமிருக்கு, எண்ணிக்கையிலே சேராது" என்று அவளே ஒதுக்கினாள். மீதிப் பன்னிரண்டையும் நிதானமாகப் பார்த்து ஒவ்வொன்றிலும் பென்சிலால் தன் முடிவை எழுதினாள். நோட்டோடு ஒப்பிட்டேன். நாலு பொருந்தியது. எட்டில் மேஜையில் சொன்னது ஒன்று, காகிதத்தில் எழுதியது வேறொன்று. அந்த எட்டிலும் மேஜையில் சொன்னதுதான் சரி.

மாமி காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அவர் கை சாதாரணமா இருந்தா, பொடியை எடுத்த உடனே உறிஞ்சிடுவார். சொன்னதுக்கு மேலே கொஞ்சம் இருந்தா, உறிஞ்ச மறந்து போய் விரல்லேயே வச்சிண்டிருப்பார். அன்னிக்கு நான் அஞ்சுன்னு வாயைத் திறந்தேன். ஏன் அஞ்சுங்கறேன்னு என்னையே கேட்டுண்டேன். என் சீட்டிலே அதுக்குக் காரணமே இல்லை. அவர் விரலைப் பார்த்திண்டிருக்கேன். இருபது வருஷமா அந்த விரலைப் பார்த்திண்டிருக்கேன், எனக்கே தெரியலை" என்றாள். பிறகு, "ஏழாம் அறிவு என்னோடது இல்லை, பத்மநாபன். பொடி டப்பியோடது" என்றாள். கமலம் உள்ளே போய்விட்டாள்.

இந்த இடத்தில் நான் ஊமையாக இருந்திருக்கலாம். முடியவில்லை. "எனக்குத் தெரியும், மாமி" என்றேன்.

"எப்போலேர்ந்து?"

"முதல் கோப்பைக்கு முன்னாலேயே."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நக்கோன்னு சொன்னதுக்கு என்னைக் கண்டிச்சேளே. அவரை ஏன் கண்டிக்கலை?"

அவர் என்னைவிட வயதில் பெரியவர், அவரிடம் பொடியைப் பற்றிப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. அதோடு, ஒரு கிளார்க்கும் மடிசார் மாமியும் துரைமாரை மண்ணைக் கவ்வ வைப்பதைப் பார்க்க எனக்கு உள்ளூர இனித்தது. கடைசிப் பலகையில் அந்த விரலை நானும் பார்த்தேன். 'அஞ்சு சொல்லு மாமி' என்று மனசுக்குள் கெஞ்சினேன். அம்பயராம் அம்பயர்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"தெரிஞ்சு செய்யலியே, மாமி. பழைய கோப்பைக்கு ஒரு தோஷமும் இல்லை" என்று சமாளித்தேன்.

"தெரியாத வரைக்கும் இல்லை. தெரிஞ்சப்புறம் அன்னிக்கு அஞ்சு சொல்லியிருந்தா அது திருட்டு" என்றாள். "கோப்பை கிடக்கட்டும். எனக்குச் சீட்டாடத் தெரியுமா தெரியாதான்னே இப்போ எனக்குத் தெரியலை. அவர்கிட்ட வேற இதைச் சொல்லணும்."

சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னாளோ, அவர் என்ன கேட்டாரோ, அது புருஷன் பெண்டாட்டி சமாசாரம். அடுத்த சனிக்கிழமை சீதாராமன் ஹால் வாசலில் என்னை நிறுத்தி வெள்ளி டப்பியை என் கையில் வைத்தார்.

"ஆட்டம் முடியற வரைக்கும் உம்மகிட்ட இருக்கட்டும். நான் வாயை மூடிண்டுதான் இருந்தேன், ஓய். விரல் பேசியிருக்கு." ஒரு அடி போய்த் திரும்பினார். "நீர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று பதினாலு ஜோடியில் பதின்மூன்றாவதாக வந்தார்கள். அடுத்த வாரமும் அதே கதை. மாமி பயந்துவிட்டாள். இரண்டுங்கெட்டான் கை எது வந்தாலும் பாஸ், பாஸ், பாஸ். பார்வை சீட்டை விட்டு நகராது. எதிரே புருஷன் உட்கார்ந்திருக்கிறார் என்றே காட்டிக்கொள்ளமாட்டாள். சீதாராமனின் விரல்கள் பொடி இல்லாமல் மேஜை விளிம்பில் தவிக்கும். தாளம் போட்டுவிடக் கூடாது என்று அவரே அவற்றைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்வார். "மாமியோட காலம் முடிஞ்சிடுச்சு" என்று ஜம்புநாதன் ஒரு நாள் சொன்னான். நான் அவனோடு சண்டைக்குப் போய், சண்டை போட எனக்கு என்ன யோக்கியதை என்று பாதியில் திரும்பி வந்தேன்.

ஆறேழு மாதம் இப்படியே போயிற்று. இனிமேல் வரமாட்டாள் என்றே நான் நினைத்தேன். ஆனால் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. எங்கள் வீட்டிலிருந்து என் நோட்டை வாங்கிப் போய், காகிதத்தில் எழுதி எழுதிப் பார்க்கிறாள் என்று கமலம் சொன்னாள்.

ஆடி மாதம், நல்ல மழை. சீதாராமன் ஸ்பேடில் ஆரம்பித்தார், மாமி உயர்த்தினாள், அவர் நாலு என்று நிறுத்தினார். பழைய கடைசிப் பலகையின் ஏலமே திரும்பி வந்ததுபோல இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். மாமி தன் சீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தாள். எதிரே பார்க்கவில்லை. சீதாராமனின் இரண்டு கையும் தொடைக்குக் கீழே.

"ஆறு ஸ்பேடு" என்றாள்.

கேட்டது நியாயமான ஏலம். பத்துக்கு ஆறு தடவை வரக்கூடியது. சீதாராமனும் தப்பே செய்யாமல் ஆடினார். ஆனால் வெளியே இருந்த நாலு துருப்பும் ஒரே எதிராளியிடம் குவிந்திருந்தது. பதினொரு பிடியோடு நின்றது. ஒரு பிடி குறைவு. மற்ற மேஜைகளில் எல்லாரும் நாலோடு நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பலகையில் இவர்களுக்கு அடிமட்டம்.

சீதாராமன் தலை நிமிர்ந்து மாமியைப் பார்த்தார். மாமி அப்போதுதான் எதிரே பார்த்தாள். சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த ஹாலில் அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

"போனாப் போறது" என்றாள். "இது என்னோடது."

சீதாராமன் சீட்டுகளைப் பொந்தில் செருகிவிட்டு, "நானா இருந்தாலும் ஆறுதான் சொல்லியிருப்பேன், போ" என்றார்.

அவர்கள் அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆடினார்கள். ஒருமுறை இரண்டாவதாக வந்தார்கள்; கோப்பை திரும்ப வரவில்லை. ஆனால் அந்த ஆறு ஸ்பேடு கவிழ்ந்த அன்றைக்கு, பலகையோடு சுற்றும் கணக்குத் துண்டில் அவர்கள் ஜோடி எண்ணுக்கு நேரே ஐம்பது நஷ்டம் என்று எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கோப்பை வாங்கியபோதும் எனக்கு அப்படி ஆனதில்லை.