சின்னவனைக் கூப்பிடுகிறவர்

வாசலில் நிற்கும் இரும்புக் கம்பத்தை இரண்டு விரலால் தொட்டுவிட்டுத்தான் யோசெபினா அக்கா கொட்டகைக்குள் காலெடுத்து வைக்கிறார். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டுமாம். பழக்கம் எந்த அளவுக்கு என்றால், தேவாலயத்திலும் முதலில் வாசல் கம்பி, அப்புறம்தான் சிலுவைக்குறி. உரசினால் பொறி பறக்கும் என்பதால் நைலான் சட்டைக்காரர்கள் கொட்டகைக்கு வெளியேதான் நிற்க வேண்டும். "என்ன யோசெபினா, கம்பத்துக்குக் கும்பிடு போட்டாச்சா?" என்று எங்கள் தலைவர் பெர்னாதுஸ் தினமும் கிண்டலடிப்பார்.

தனிம்பார் தீவில், எங்கள் வானிலை நிலையத்துப் பலூனுக்கு ஹைட்ரஜன் செய்கிறவர் அக்காதான். பீப்பாயில் தண்ணீர், காஸ்டிக் சோடா, அலுமினியத் துண்டுகள். பொங்கிக்கொண்டு வாயு வரும். அக்கா அதைச் 'சின்னவன்' என்பார். "அவன் அலுமினியத்துல இல்ல தம்பி, தண்ணிக்குள்ள ஒளிஞ்சிருக்கான். நாம வெளிய கூப்பிடறோம், அவ்வளவுதான். நெருப்பு பட்டா திரும்பவும் தண்ணியாயிடுவான். அதப் பாக்கத்தான் நாம இருக்கமாட்டோம்."

பதினோரு வருடமாக ஒரு காலைகூடப் பலூன் தவறியதில்லை. போன மாதம் கடல் கொந்தளித்து மூன்று வாரம் கப்பல் வரவில்லை. அலுமினியம் தீர்ந்துவிட்டது. ஒரு நாள் தவறினாலும் பலூன் வேலையை வேறு தீவுக்கு மாற்றிவிடுவோம் என்று தலைமையகம் அனுப்பிய கடிதம் ஏற்கெனவே மேசையில் கிடந்தது. தலைவர் கையை விரித்துவிட்டார்.

அக்கா விடிந்ததும் தான் மீன்குழம்பு வைக்கும் அலுமினியப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தகரம் வெட்டும் கத்தரியால் அதை நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மார்த்தீனா வந்து நின்றாள்.

"மத்தியானம் எதுலக்கா சமைப்ப?"

"உன் பானையில. இப்ப அதோட மூடியக் குடு."

மூடி வந்தது. அதன் விளிம்பைக் காஸ்டிக் சோடா நீரில் தோய்த்துப் பார்த்தார். ஒரு குமிழ்கூட இல்லை.

"இது எவர்சில்வருடி. நூறு வருஷம் ஊறப்போட்டாலும் சின்னவன் எட்டிப் பாக்கமாட்டான். சோத்துப் பானையவே கொண்டா."

முனகிக்கொண்டே கொண்டுவந்தாள். அக்கா துண்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போனபின் ஒவ்வொரு பிடியாகப் பீப்பாயில் போட்டார். பானைத் தகடு மெல்லிசு, சட்டென்று பொங்கிவிடும்; மொத்தமாகக் கொட்டினால் பீப்பாய் தாங்காது. புறங்கையைப் பீப்பாய் மேல் வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் அடுத்த பிடி. "அவசரப்படாதடா," என்று பீப்பாயிடம் சொன்னார். "எட்டரைக்குத்தான் வண்டி."

எட்டரைக்குப் பலூன் எழும்பியது. "அங்க போறது என் சோத்துப் பானை," என்று மார்த்தீனா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். பலூனிலிருந்து சமிக்ஞை வாங்கும் கருவியின் முன்னால் உட்கார்ந்து நான் உயரத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே இருந்தேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர். இந்த வருடம் எங்கள் பலூன் எதுவும் அவ்வளவு உயரம் போனதில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அக்கா கொட்டகைக்குள் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தார். கை குலுக்க வந்த தலைவர் வாசலில் நின்றார். நைலான் மேற்சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டினார். பிறகு இரும்புக் கம்பத்தை இரண்டு விரலால் தொட்டுவிட்டு உள்ளே போனார்.